பாப்ளார் மரங்கள் நடந்த தெரு

எங்கள் ஊர் தெரெக்சாய்க்கு விருந்தாளி யாராவது வந்தால் நான் பள்ளிவாசலுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ கூட்டிக்கொண்டு போவதில்லை. பெரிய தெருவின் தலைமாட்டில், மதகுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, "பாருங்க" என்பேன். நாற்பத்தொரு வீட்டு மதில் ஒரே கோட்டில் போகும். மதிலுக்கு முன்னால் வாய்க்கால், வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் தெரு, தெருவை ஒட்டி மலையடிவாரம். "என்னத்தப் பாக்கணும்?" என்று கேட்பார்கள். ஓஷ் நகரத்திலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளை, "மதிலையா?" என்று சிரித்தே விட்டார். சிரிக்கட்டும். நான் இந்த ஊரின் முராப். எந்த நாளில் யார் தோட்டத்துக்குத் தண்ணீர் என்று முறை வைத்து மதகைத் திறந்து மூடுவது என் வேலை. கோணல் தெருவில் இருபது வருடம் தண்ணீர் விட்டுச் சீரழிந்தவனுக்குத்தான் அந்தக் கோட்டின் அருமை தெரியும்.

அந்தக் கோட்டைப் போட்டவர் சைரகான் அக்கா. ஊராட்சி அலுவலகத்தில் நிலப் பிரிவைப் பார்த்தவர். முப்பத்திரண்டு வருடம் அதே மேசை, அதே ஜன்னல். ஆள் குள்ளம். காலில் ரப்பர் பூட்ஸ், மேலே இறந்துபோன கணவரின் கோட்டு. கோட்டின் இடது பையில் இரும்பு அளவு நாடா, வலது பையில் கொறிக்கச் சூரியகாந்தி விதை. வீடு கட்டுவதா, மாட்டுக்கொட்டகை போடுவதா, மேய்ச்சல் நிலத்தில் வேலி வைப்பதா, எல்லாவற்றுக்கும் அவர் வந்து முளை அடிக்க வேண்டும். அவர் முளை அடிக்காத இடத்தில் கோழிக்கூடு வைத்தாலும் ஒருநாள் பிடுங்கத்தான் வேண்டியிருக்கும். ஊரில் அவருக்கு 'டேப் அக்கா' என்று பெயர். அவர் காதுபடவே சொல்வார்கள். அவரும் திரும்பிப் பார்த்து, "என்னடா, அளக்கணுமா?" என்பார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. அதற்காக அவர் வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டு வாசலுக்கு வந்தவர் ரொட்டியில் ஒரு விள்ளலாவது பிய்த்து வாயில் போடாமல் திரும்பக் கூடாது. திரும்பினால் வீட்டுக்காரரை அவமதித்ததாக ஆகும். அதேபோல் ரொட்டி தின்ற வீட்டுக்கு எதிராகக் கை ஓங்கவும் கூடாது. சைரகான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு வீட்டில் ரொட்டியும் பாலாடையும் தின்றுவிட்டு அளக்கப் போனார். அந்த வீட்டுக்காரர் பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு மீட்டர் உள்ளே வந்திருந்தார். நாடா சொன்னதை அக்காவால் வாய் திறந்து சொல்ல முடியவில்லை. பக்கத்துத் தோட்டக்காரருக்கு இரண்டு வாதுமை மரம் போனது. அன்றிலிருந்து நாடா பையில் இருக்கும்போது அவர் எந்த வீட்டு வாசற்படியும் மிதித்ததில்லை. தெருவிலேயே நிற்பார், தெருவிலிருந்தே அளப்பார், மத்தியானம் பசித்தால் தன் வீட்டு ரொட்டியைக் கல்லில் உட்கார்ந்து தின்பார்.

"ராங்கி புடிச்சவ" என்றார்கள் சிலர். "அவ வயித்துல பசி இல்ல, டேப்பு சுருட்டி வெச்சிருக்கா" என்றார்கள் சிலர். நானும் சொல்லியிருக்கிறேன். எனக்கும் அவருக்கும் பத்து வருடம் சண்டைதான். தண்ணீர் வராவிட்டால் வாய்க்காலைப் பார் என்பேன் நான். வாய்க்காலைப் பார்ப்பதற்கு முன் தெருவைப் பார் என்பார் அவர்.

தெருவைப் பார்த்தவர் அவர்தான். ஒரு வசந்த காலத்தில் கடப்பாரையும் கையுமாக என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"முராப், வாடா. மரம் நடந்த தடத்தக் காட்டறேன்."

"மரம் நடக்குமா அக்கா? வெயில் கொஞ்சம் ஓவரோ?"

"வந்து பாத்துட்டுப் பேசு."

எங்கள் ஊரில் மகன் பிறந்தால் தகப்பன் மதிலுக்கு வெளியே, வாய்க்கால் கரையில், ஒரு வரிசை பாப்ளார் நடுவான். மகன் கல்யாண வயதுக்கு வரும்போது மரமும் உத்தரத்துக்கு ஆகும். வெட்டி அவனுக்கு வீடு போடுவார்கள். அடுத்த வரிசையைப் பழைய அடிக்கட்டை மேல் நட முடியாது அல்லவா? ஓர் எட்டு வெளியே தள்ளி நடுவார்கள். கொஞ்ச நாளில் மண்மதில் கரைந்து திரும்பக் கட்டும்போது, மரம் வரைக்கும் நம்முடைய இடம்தானே என்று மதிலும் ஓர் எட்டு வெளியே வரும். வாய்க்கால் அதற்கும் வெளியே ஒதுங்கும். அக்கா கடப்பாரையால் ஒரு வீட்டு மதிலோரம் மண்ணைக் கிளறிக் காட்டினார். மட்கிப்போன அடிக்கட்டைகள், ஒன்றின் பின் ஒன்றாக மூன்று வரிசை. பதினான்கு மீட்டர் தெரு பதினொன்றாகியிருந்தது. வாய்க்கால் சில இடத்தில் ஒரு முழ அகலம், சில இடத்தில் மதிலுக்கு அடியிலேயே புதைந்து போயிருந்தது. ஊரில் திருடன் ஒருவனும் இல்லை. எல்லோரும் பிள்ளை பெற்று மரம் நட்ட நல்லவர்கள்.

"இதுல பெரிய கூத்து என்ன தெரியுமா?" என்றார் அக்கா. "யார் வீட்ட அளந்தாலும் 'மரத்துலேருந்து அளங்க'ன்னு சொல்லுவாங்க. நானும் முப்பது வருஷம் மரத்துலேருந்துதான் அளந்திருக்கேன். நடக்கிற மரத்துலேருந்து."

அறுபத்து நான்கில், கூட்டுப்பண்ணைக் காலத்தில், நில அளவைக்காரர்கள் எதிர்ப்பக்கம் மலையடிவாரப் பாறையில் இரும்பு ஆணி அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். சரளை சரிந்து மூடியிருந்ததால் எங்களில் யாருக்கும் அது நினைவில்லை. பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு அக்கா ஒரு மாதம் தோண்டி ஒன்பது ஆணியையும் கண்டுபிடித்தார். அந்த ஒரு மாதமும் ஊர் அவரைப் பார்த்துச் சிரித்தது. உண்மையைச் சொன்னால் நானும் சிரித்தேன்.

தெரு எப்படி இருந்தால் என்ன என்று கேட்கலாம். கீழ்த்தெருவைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். பத்தொன்பது வருடத்துக்கு முன் மலையில் ஒரு கிராமம் மண்சரிவில் போனது. தப்பித்த முப்பத்து மூன்று குடும்பம் எங்கள் ஊருக்குக் கீழே பொட்டல் சரளையில் வந்து வீடு கட்டிக்கொண்டது. வரைபடத்தில் அப்படி ஒரு தெருவே இல்லை. தெரு இல்லாததால் தண்ணீர் முறையும் இல்லை. அவர்கள் எங்கள் குழாயில் பிடித்துக் கேனில் தூக்கிக்கொண்டு போவார்கள். குடிக்க ஆகும், ஒரு வெங்காயப் பாத்திக்குக்கூட ஆகாது. பத்தொன்பது வருடமாக அங்கே ஒரு பச்சை இலை இல்லை. வாய்க்காலைப் பழைய அகலத்துக்கு வெட்டிப் பெரிய தெருவின் கடைசி வரை கொண்டுபோனால்தான் அங்கே தண்ணீர் இறங்கும். அதற்கு நாற்பத்தொரு மதிலும் பின்னால் போக வேண்டும். அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற இன்னும் ஒரு வசந்த காலம்தான் இருந்தது. அவருக்குப் பின்னால் இதை எடுத்துச் செய்ய ஆள் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஊர்க்கூட்டத்தில் யாரும் மறுத்துப் பேசவில்லை. எங்கள் ஆட்கள் எதையும் நேரடியாக மறுக்க மாட்டார்கள்.

"நல்ல காரியம்," என்றார் ரொட்டிக்கடைக்காரர். "செய்ய வேண்டியதுதான். ஆனா தண்ணி எங்கேருந்து வருது? மேலேருந்து. அப்ப மேலேருந்துதான ஆரம்பிக்கணும்? முதல்ல மொத வீட்டு மதில் போகட்டும். அந்தத் தூசி அடங்கறதுக்குள்ள எங்க மதில நாங்களே இடிச்சிடறோம்."

எல்லோரும் தாடியைத் தடவிக்கொண்டு தலையாட்டினார்கள். முதல் வீடு சாத்திபால்தி அண்ணனுடையது. சைரகானின் கூடப்பிறந்த அண்ணன். அக்கா பிறந்து வளர்ந்த வீடு. போன இலையுதிர் காலத்தில்தான் பழைய மண்மதிலைத் தள்ளிவிட்டுச் செங்கல் மதில் எழுப்பி, நீல இரும்புக் கதவு போட்டு, ஊருக்கே ஆட்டுக்கறி விருந்து வைத்திருந்தார்.

மார்ச் மாதம் ஒரு காலை அக்கா அங்கே அளக்கப் போனார். தெருவே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தது. ஊர்த்தலைவர்கூட வந்து ஓரமாக நின்றுகொண்டார். நீலக் கதவைத் திறந்துகொண்டு சாத்திபால்தி வந்தார். கையில் விரித்த துணி, துணியில் சுடச்சுட ரொட்டி.

"வா தங்கச்சி. டீ ஆறிடும். முதல்ல ரொட்டி, அப்புறம் டேப்பு."

"டேப்பு முதல்ல அண்ணே. ரொட்டிய அப்புறம் பாத்துக்கலாம்."

"ஊரான் வீட்டு வாசல்ல நில்லு, நான் கேக்கல. இது நீ பொறந்த வீடு. அம்மா போய் இன்னும் வருஷம் திரும்பல. இன்னைக்கு நீ ரொட்டி தொடாம போனீன்னா, இந்த வாசல் உனக்கு இனிமே இல்ல. தெருவே சாட்சி."

சாத்திபால்திக்குச் சட்டம் தெரியாது, தங்கையைத் தெரியும். தின்றால் அளக்க மாட்டாள். தின்னாமல் அளந்தால் பிறந்த வீடு இல்லை. மனுஷர் பொல்லாதவர் இல்லை, ஆனால் அன்றைக்குப் பொல்லாத கெட்டிக்காரராக இருந்தார்.

அக்கா ரொட்டியைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து நாடாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"புடி."

"அக்கா, உள்ள போனா எல்லாம் முடிஞ்சுது," என்றேன் மெதுவாக.

"தெரியும்டா. புடி."

பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். தெருவில் ஒரு பெருமூச்சு எழுந்தது. நிம்மதிப் பெருமூச்சு. ரொட்டிக்கடைக்காரர், "ரத்தம்னா ரத்தம்தான்" என்று சொல்லிக்கொண்டே வீட்டைப் பார்க்கத் திரும்பினார். எனக்கோ, முப்பத்திரண்டு வருடம் கல்லில் உட்கார்ந்து தின்ற மனுஷி, கடைசி வருடத்தில், அதுவும் இந்த ஒரு வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டாரே என்று நாடாவைத் தூக்கி எறியலாமா என்று வந்தது.

அரை மணி நேரம் கழித்து அக்கா வெளியே வந்தார். அண்ணி அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். உள்ளே இறந்துபோன அம்மாவைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள். அக்கா நிதானமாகப் பூட்ஸை மாட்டினார்.

"இந்த வீட்டு ரொட்டிய நான் தின்னுட்டேன். அதனால நான் அளக்க மாட்டேன். தின்னாதவங்க யாராவது வந்து அளங்க."

யாரும் வரவில்லை. ஊர்த்தலைவர் தன் பூட்ஸ் நுனியைப் பார்த்தார். ஆட்டுக்கறி விருந்தில் எலும்பை உறிஞ்சியது எனக்கும் நினைவுக்கு வந்தது. பெரிய தெருவில் யார் யார் வீட்டில் தின்னாமல் இருந்திருக்கிறார்கள்?

சாத்திபால்தி மீசைக்குள் சிரித்தார். "தேடிப் பாரு தங்கச்சி. இந்த ஊர்ல என் வீட்ல சாப்பிடாத ஆளு இருந்தா எனக்குத்தான் அசிங்கம்."

"இருக்காங்க அண்ணே," என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினார். "முராப், கீழ்த்தெருவுக்குப் போய் புருலக் கூட்டிட்டு வா."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. சாத்திபால்திக்கு அதற்கு முன்னாலேயே புரிந்துவிட்டது. சிரிப்பு நின்றுவிட்டது.

நான் மோட்டார் சைக்கிளில் போனேன். புருலுக்கு நாற்பது வயது இருக்கும். மண்சரிவில் கணவனைப் பறிகொடுத்தவள், பால் பண்ணையில் கறவை வேலை. விஷயத்தைச் சொன்னதும் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு டேப்பு புடிக்கத் தெரியாதுண்ணே."

"எண்ணு படிக்கத் தெரியும்ல?"

"பால் அளவு நான்தான் எழுதறேன்."

"அது போதும், ஏறு."

அவள் வந்து நின்றதும் தெரு ஒதுங்கி வழி விட்டது. அக்கா பத்தடி தள்ளிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஆணி எது என்று மட்டும் காட்டினார். நாடாவின் ஒரு முனையைப் புருலோடு வந்த அவள் கொழுந்தன் ஆணியில் பிடிக்க, இன்னொரு முனையை அவள் செங்கல் மதில் வரை இழுத்துக்கொண்டு போனாள். வரைபடப்படி பதினான்கு மீட்டர் இருக்க வேண்டும்.

"பதினொண்ணு எண்பத்தெட்டு," என்று வாசித்தாள்.

"ஒழுங்காப் படி," என்றார் சாத்திபால்தி.

அவள் குனிந்து திரும்பப் பார்த்தாள். நாடாவை மதிலோடு ஒட்டி இழுத்து, மறுபடியும் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது.

"மன்னிச்சிடுங்கண்ணே, மதில்ல முட்டாம புடிச்சிட்டேன் போல. பதினொண்ணு தொண்ணூறு. ரெண்டு சென்டி உங்க பக்கம்."

நாடாவில் இருந்ததை அவள் வாசித்தாள், அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு சென்டியை அவள் சொல்லாமல் விட்டிருந்தால் அங்கே கண்டுபிடிக்க ஆள் இல்லை. அந்த மதில் நகர்ந்தால் தண்ணீர் அவளுக்குத்தான். பத்தொன்பது வருடமாகத் தண்ணீர் தூக்கி அவள் தோள் ஒரு பக்கம் இறங்கிப்போயிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்ல வெட்கமில்லை.

சாத்திபால்தி மதிலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தலையில் இருந்த தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"எத்தன வருஷமா என் வாசல் வழியா கேன் தூக்கிட்டுப் போற?"

"வந்ததுலேருந்து."

"ஒருநாள்கூட உள்ள வான்னு சொல்லல." தெருவைப் பார்த்துத்தான் சொன்னார், எங்கள் எல்லோரையும் சேர்த்துத்தான் சொன்னார். பிறகு துணியில் மிச்சமிருந்த ரொட்டியை எடுத்து அவள் முன் நீட்டினார். "தங்கச்சி, உள்ள வா. டீ குடி."

புருல் ரொட்டியைத் தொட்டுக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டாள். பிய்க்கவில்லை.

"இன்னும் நாப்பது வீடு இருக்குண்ணே. அளந்து முடிச்சிட்டு வரேன்."

அப்போது நான் சைரகான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். முப்பத்திரண்டு வருடத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் கண்டதில்லை. உடனே திரும்பி நின்று விதையைக் கொறிக்க ஆரம்பித்துவிட்டார்.

பதினோரு நாள் அளந்தார்கள். பெரிய தெருப் பெண்கள் பதினோரு நாளும் பொரித்த ரொட்டியும் புலாவும் வைத்துக்கொண்டு வாசல் வாசலாகக் கெஞ்சினார்கள். கீழ்த்தெருக்காரர்கள் வணக்கம் சொல்லிவிட்டுக் கல்லில் உட்கார்ந்து தங்கள் ரொட்டியைத் தின்றார்கள். பன்னிரண்டாம் நாள் ஊரே கூடி மதிலில் கை வைத்தோம். முதல் செங்கல்லைச் சாத்திபால்தி தானே கழற்றினார். ரொட்டிக்கடைக்காரர் தூசி அடங்குவதற்குள் தன் மதிலை இடிப்பதாகச் சொன்னாரே, அவருக்கு மட்டும் மூன்று நாள் ஆனது. விடுவோமா? ரொட்டி வாங்கப் போகிற ஒவ்வொருவரும், "தூசி அடங்கிடுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினோம். பழைய மரத்தில் குறுக்கே நின்றவற்றை மட்டும் வெட்ட அக்கா விட்டார். இனிமேல் மகன் பிறந்தாலும் மகள் பிறந்தாலும் மதிலுக்கு உள்ளே நட வேண்டும் என்று தீர்மானம் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். கோட்டுக்கு மரத்தை நம்பாமல் வீட்டுக்கு ஒரு கல் நட்டார்.

ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி மதகைத் திறந்தேன். தண்ணீரோடு கூடவே நடந்தேன். கீழ்த்தெருவின் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர ஒரு மணி இருபது நிமிடம். சருகையும் ஆட்டுப் புழுக்கையையும் தள்ளிக்கொண்டு கலங்கலாகத்தான் வந்தது. முப்பத்து மூன்று வீட்டாரும் மண்வெட்டியோடு நின்றார்கள்.

புதிய வரைபடத்துக்கு முத்திரை வாங்க அக்கா மாவட்ட அலுவலகத்துக்குப் போனபோது நானும் கூடப் போனேன். கணினி முன்னால் இருந்த தம்பி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அளவு எல்லாம் சரிதான். நாப்பத்தொரு பேரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க. ஆனா 'அளந்தவர்'னு உங்க பேரு இல்லையே?"

"நான் அளக்கலையே. என்னோடது 'சரிபார்த்தவர்'ல இருக்கு, பாருங்க."

"அளந்தது புருல்னு போட்டிருக்கீங்க. அந்தம்மா முகவரி கீழ்த்தெரு, தெரெக்சாய்னு இருக்கு. அப்படி ஒரு தெரு வரைபடத்துல கெடையாது. முகவரி செல்லாது."

"அளவு செல்லுமா?"

"அதான் சரின்னு சொன்னேனே."

"அளந்த ஆளு ஒரு தெருவுல இருந்துதானப்பா வந்து அளந்திருக்கணும்?"

அந்தத் தம்பி எழுந்து உள்ளே போனார். உள்ளே நெடுநேரம் பேச்சு நடந்தது. அக்கா நாற்காலியில் கால் தரையில் எட்டாமல் உட்கார்ந்திருந்தார். கோட்டு முழங்கையில் கிழிந்திருந்தது. அந்தக் கட்டிடத்தில் இருந்த அத்தனை பேரையும் விட அவர்தான் பெரிய ஆள் என்று எனக்குத் தோன்றியது, இன்றும் அதுதான் தோன்றுகிறது.

தம்பி திரும்பி வந்து கணினி முன் உட்கார்ந்தார். "தெருவப் போடச் சொல்லிட்டாங்க. எங்கேருந்து எது வரைக்கும்?"

அக்கா முப்பத்து மூன்று வீட்டுக் குடும்பத்தலைவர் பெயரையும் மேலிருந்து கீழே, தாளைப் பார்க்காமல் சொன்னார். தம்பி திரையில் கோடு இழுத்தார். பத்தொன்பது வருடமாக இல்லாமல் இருந்த தெரு எங்கள் ஊருக்குக் கீழே வந்து நின்றது. நான் மூக்கைச் சிந்தினேன். அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார்.

"ஏழாவது வீட்டுகிட்ட கோணுது தம்பி. அங்க தெரு நேராத்தான் போகுது. அழிச்சிட்டுத் திரும்பப் போடு."

தம்பி அழித்துவிட்டுத் திரும்பப் போட்டார்.